யசோகிச்சியின் வலது கால்

ஷிகெனோவை எங்கள் சந்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கால்" என்றுதான் சொல்வோம். அந்தப் பெயரை வைத்தது அவள் புருஷன் யசோகிச்சி, வாடிக்கையாக்கியது நாங்கள். அதில் எனக்கு வெட்கம் உண்டு. ஆனால் ஒன்பது வருஷம் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன் என்பதால் அந்த வெட்கத்துக்குப் பெரிய மதிப்பு ஒன்றும் கிடையாது.

ஒசாகாவின் கிழக்குப்புறத்தில், கால்வாய்க்கு இந்தப் பக்கம், பேனா வேலைக்காரர்கள் குடியிருக்கும் சந்து எங்களுடையது. ஒருவன் உடலைக் கடைவான், ஒருவன் மூடிக்கு வளையம் போடுவான், ஒருவன் மெருகேற்றுவான். என் பெயர் காதொவாக்கி, நிப் தீட்டிப் பொருத்துகிறவன். யசோகிச்சி கடைசல்காரன். கந்தகம் சேர்த்து வேகவைத்த கெட்டி ரப்பர் கறுப்புக் கோல்களாக வரும். அதைக் கடைந்து பேனாவுக்கு உடலும் மூடியும் செய்வது அவன் வேலை. மரக்கிண்ணம் கடைகிறவர்கள் வைத்திருக்கும் அதே கடைசல் எந்திரம்தான் அவனிடமும் இருந்தது. கீழே இரண்டு மிதிகட்டைகள். அவற்றிலிருந்து ஒரு தோல்வார் கிளம்பி அச்சைச் சுற்றிக்கொண்டு போகும். ஒன்றை மிதித்தால் அச்சு முன்னால் சுழலும், மற்றதை மிதித்தால் பின்னால். முன்சுழற்சியில் உளியை வைக்க வேண்டும், பின்சுழற்சியில் எடுக்க வேண்டும்.

போருக்குப் போன யசோகிச்சி, போர் முடிந்த மறு வருஷம் வலது முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லாமல் திரும்பி வந்தான். ஒற்றைக் காலால் இரண்டு கட்டைகளை மிதிக்க முடியாது. ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். பிறகு ஷிகெனோ ஒரு முக்காலியைக் கொண்டுவந்து அவன் இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். அவன் கையில் உளி, அவள் காலடியில் கட்டைகள். இரண்டு பேரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை அதே இருப்புதான்.

பார்க்க அன்பான காட்சி என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

"ஏய் காலு, தூங்கறியா? நெகம் வெட்டாத காலு மாதிரி இழுக்கற."

"கைக்கு நடுக்கம் வந்தா காலைத் திட்டறது. நல்ல கை."

"முள்ளங்கி மாதிரி காலை வெச்சுக்கிட்டு மெதுவா மிதின்னா எப்படித்தான் வரும்."

"இந்த முள்ளங்கிதான் உங்களுக்குச் சோறு போடுது. நான் நிறுத்தினா நீங்க உளியால பல்லுதான் குத்திக்கணும்."

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. உடலைக் கடைவதற்கு யார் மிதித்தாலும் போதும். மரை வெட்டுவது அப்படியல்ல. மூடி திருகும் இடத்தில் மயிரிழை போல் மரை ஓட வேண்டும். அதைச் சீப்பு மாதிரி பல் வைத்த ஓர் உளியைக் கையால் பிடித்து, அளவுகோல் எதுவும் இல்லாமல், சுழற்சிக்கு ஏற்றாற்போல் நகர்த்தித்தான் வெட்டுவார்கள். கை முந்தினாலும் மரை சிதையும், சுழற்சி முந்தினாலும் சிதையும். ஷிகெனோ அவன் மூச்சைக் கேட்டே மிதிப்பாள். உளி படும்போது வேகத்தைத் தணித்து, விளிம்பு வருமுன் அச்சை நிறுத்தி, அவன் வாய் திறக்காமலேயே பின்னால் திருப்புவாள். அவர்கள் செய்த பேனாவில் மூடி மூன்று சுற்றுச் சுற்றி மெத்தென்று நிற்கும். அதற்காகவே மொத்த வியாபாரி அவர்களைத் தேடி வந்தான். பேனாவில் யசோகிச்சி பெயரும் இருக்காது, அவள் பெயரும் இருக்காது. வியாபாரியின் முத்திரைதான் இருக்கும். அதனால் அவள் தன் பங்கைத் தன் வாயாலேயே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. சொன்னாள். மீன்கடையில் சொன்னாள், கோயில் திருவிழாவில் சொன்னாள். "நான் இல்லன்னா அவரால ஒரு மரைகூட வெட்ட முடியாது."

கந்தக வாடை அவள் தோலுக்குள் இறங்கிவிட்டது. பொதுக் குளியலறையில் அவள் தொட்டியில் இறங்கினால் பெண்கள் நகர்ந்துகொள்வார்களாம். "கந்தக ஊத்துக்குக் குளிக்கப் போக வேணாம், ஊத்தே நம்மத் தேடி வந்துடுச்சு" என்பாளாம் வளையக்காரன் பெண்டாட்டி. என் மனைவி வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. மிட்சுயோ. பிறந்து ஒரு வருஷம் வரை பட்டறை மூலையில் ஒரு கூடையில் கிடந்தது. மரை வெட்டும்போது குழந்தை அழுதால் ஷிகெனோவால் எழுந்திருக்க முடியாது. மரை முடியும்வரை அழட்டும் என்று மிதித்துக்கொண்டே இருப்பாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது, துளை அளவு பார்க்கக் கொண்டுபோன நிப்புகளை வைத்துவிட்டு உடனே வந்துவிடுவேன். இரண்டு வயதில் குழந்தைக்கு மூச்சிழுப்பு வந்தது. காறினால் கறுப்பாக வந்தது. அந்தத் தூசியில் வைத்திருந்தால் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயிலில் போக வேண்டிய மினாபே என்ற ஊரில் ஷிகெனோவின் அக்கா ஹட்சுயே இருந்தாள், பிள்ளையில்லாதவள், புருஷனுக்குச் சொந்தமாகப் பிளம் தோட்டம். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிக் குழந்தையை அங்கே விட்டுவிட்டு வந்தார்கள்.

கொஞ்ச நாள் நாலு வருஷமானது. ஷிகெனோ புத்தாண்டுக்கு மட்டும் போவாள், இரண்டு நாள் இருப்பாள். மூன்றாம் நாள் காலை முக்காலியில் உட்கார்ந்துவிடுவாள்.

பெண்ணுக்குப் பள்ளிக்கூட வயது வந்தபோது அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அன்றைக்கு நான் நிப் தட்டோடு அவர்கள் வாசலில் நின்றேன். உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. ஷிகெனோ முக்காலியில்தான் இருந்தாள், கால்கள் கட்டைமேல் இருந்தன, மிதிக்கவில்லை.

"அக்கா ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்றா. நான் அங்கயே வந்து தங்கி வளக்கணுமாம். இல்லன்னா தத்து எழுதிக் குடுத்துடணுமாம். பள்ளிக்கூடத்துல அம்மான்னு யார் பேரைச் சொல்றதுன்னு புள்ளை கேக்குதாம்."

யசோகிச்சி உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"நான் போனா உங்களால முடியுமா?" என்று கேட்டாள்.

"எது?"

"மரைதான். வேற ஆளை வெச்சு மிதிக்க வெச்சா முடியுமா? மோட்டார் வெக்கறாங்களே இப்பல்லாம், அதுல முடியுமா? நெசத்தைச் சொல்லுங்க. முடியும்னா நாளைக்கே கெளம்பிடறேன். தோட்டத்துல கூலி வேலை செஞ்சுகூட அவளை நானே வளத்துடுவேன்."

அவன் உளியைக் கல்லில் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தான்.

"முடியாது."

"மோட்டார்லயும்?"

"மோட்டாருக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்கு ஒரே பக்கமா சுத்தும். சொன்னா நிக்குமா? நீ மிதிக்கலன்னா ஒரு மரைகூட வராது."

அப்போது அவள் முகத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பெற்ற பெண்ணைக் கொடுத்துவிடப் போகிறவள். அந்த முகத்தில் ஒரு விநாடி பெருமை வந்தது. அந்தப் பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஏனென்றால் அவன் சொன்னது பச்சைப் பொய். அது பொய் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் யசோகிச்சியும் நானும் தெற்கே ஒரு பெரிய தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் வேலை செய்தவர்கள். அங்கே உத்தரத்தில் ஓர் இரும்புத் தண்டு நாள் முழுக்க ஒரே பக்கமாகச் சுழலும். அதிலிருந்து இறங்கும் பெல்ட்டுகளில் நாற்பது எந்திரங்கள் ஓடும், எதுவும் யாருக்காகவும் நிற்காது. யசோகிச்சி அதில் மரை வெட்டினான், நாளைக்கு இருநூறு. புதிதாக வருகிறவர்களை மேஸ்திரி அவன் பின்னால் நிற்க வைத்து, "இவன் மணிக்கட்டைப் பாருங்கடா" என்பார். ஷிகெனோவுக்கு அவன் தொழிற்சாலையில் இருந்தது தெரியும். என்ன வேலை செய்தான் என்று அவள் கேட்டதில்லை, அவன் சொன்னதுமில்லை.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரிய காரணம் எதுவும் என்னைத் தடுக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று நினைத்தேன். அவள் போய்விட்டால் மோட்டார் வரும்வரை எனக்கும் வேலை வராது என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. இவ்வளவுதான்.

அவள் சமையலறைக்குள் போனதும் அவனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏண்டா பொய் சொன்ன?"

"போனா வருவாளா?"

"புள்ளைக்காகப் போறா. ஏன் வர மாட்டா?"

"ஒத்தக் காலன்கூட எவடா இருப்பா? வேலை இருக்குன்னு இருக்கா. அதையும் எடுத்துட்டா?" பிறகு தட்டைப் பார்த்து, "நிப்பை வெச்சுட்டுப் போ" என்றான்.

மனைவி தன்னைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் மனுஷனுக்கு வரலாம். இரு என்று அவளிடம் சொல்லியிருக்கலாம், அழுதிருக்கலாம். அதற்குப் பதில் அவன் அவள் பெண்ணைத் தத்துக் கொடுக்க வைத்தான்.

தத்துப் பத்திரத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஹட்சுயேயின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், நான் ஒருவன். முதலில் யசோகிச்சி கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையை வைத்தான், பிறகு அவள், பிறகு நான். என் முத்திரை சரியாக விழவில்லை, பாதிதான் விழுந்தது. ஷிகெனோதான் சிவப்பு மையை என் பக்கம் தள்ளி, "இன்னொரு தடவை அழுத்தி வையுங்க காதொவாக்கிசான்" என்றாள், மரியாதை குறையாமல்.

ஒன்றரை வருஷம் போயிற்று. சந்துக்குப் புது மின்கம்பி வந்தது. வியாபாரியின் ஆள் உட்சுமி வந்து, ஆர்டர் அதிகமாகிவிட்டது, கடைசல்காரர்கள் எல்லாருக்கும் மோட்டார் தருகிறோம், ஒத்து வரவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றான். யசோகிச்சி வேண்டாம் என்று சொல்வான் என நினைத்தேன். "வேணாம், எனக்கு வராது" என்று அவனும் சொல்லத்தான் செய்தான். சிக்க வைத்தது ஷிகெனோ.

"கொண்டாங்க, கொண்டாங்க. சந்தே வந்து பாக்கட்டும். இத்தனை நாளா யாரு மரை வெட்டறாங்கன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

"சும்மா இரு."

"ஏன், பயமா? கைக்குப் பரிட்சை. காலுக்கு லீவு."

நிஜமாகவே ஊரைக் கூட்டிவிட்டாள். வளையக்காரனும் அவன் பெண்டாட்டியும், மெருகுக்காரன், எதிர்வீட்டு அப்பளம் சுடுகிறவள், நான், என் மனைவி, உட்சுமி. எல்லாருக்கும் டீயும், உள்ளே பயறு வைத்த மாவுருண்டையும் கொடுத்தாள். உட்சுமியோடு வந்த மெக்கானிக் மிதிகட்டைகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு மோட்டாரை மாட்டினான். ஷிகெனோ பட்டறையை ஒட்டிய மேடைமேல் ஏறி, கால்களை மடக்கி, கண்காட்சிக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு நல்ல கிமோனோ கட்டியிருந்தாள்.

மோட்டார் ஓடியது. உடலைக் கடைந்து முடித்தான். அது யாருக்கும் வரும். பிறகு சீப்பு உளியை எடுத்தான்.

எடுத்தவன் அவளை ஒரு தடவை பார்த்தான். நான் இருந்த இடத்திலிருந்து அது நன்றாகத் தெரிந்தது. கெடுத்துவிடுவான் என்று நினைத்தேன். கெடுத்துவிடுடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு பல் வழுக்கினால் போதும். உட்சுமி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள், கொடுத்துவிட்ட பெண் வீணாகக் கொடுக்கப்பட்டவள் ஆகமாட்டாள். ஆனால் பக்கத்தில் உட்சுமி நின்றான், மெருகுக்காரன் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான், ஒன்பது வருஷம் மேஸ்திரி புகழ்ந்த மணிக்கட்டு அவனுடையது. தொழிலாளியின் கர்வம் மிகக் கேவலமான ஒரு சாமான், அது யாரையும் காப்பாற்றாது. மூன்று தடவை உளியை வைத்து எடுத்தான். மூடிக்குள்ளே நாலு தடவை. மோட்டாரை நிறுத்தி, மூடியைத் திருகிக் காட்டினான். மூன்று சுற்று, மெத்தென்று நின்றது.

வளையக்காரன் பெண்டாட்டிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்போ காலுக்கு நெரந்தர லீவுன்னு சொல்லு."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஷிகெனோ இறங்கி வந்து பேனாவை வாங்கினாள். திருகினாள், கழற்றினாள், காதருகே வைத்து மறுபடி திருகினாள்.

"நல்லா இருக்கு. எங்க கத்துக்கிட்ட?"

புருஷனை அவள் 'நீ' என்றதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"பாக்டரில," என்றான் யசோகிச்சி.

"எப்ப?"

"உன்னைக் கட்டறதுக்கு முன்னாடி."

"அன்னிக்கி நான் கேட்டேனே. ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா போயிருப்ப."

"போயிருப்பேன். போய் வளத்துக்கிட்டே, ஞாயித்துக்கிழமை ரயிலேறி வந்து உனக்கு வாரத்துக்குச் சமைச்சு வெச்சுட்டுப் போயிருப்பேன்." பேனாவை மேடைமேல் வைத்துவிட்டு, "காதொவாக்கிசானுக்கு இது தெரியுமா?" என்று அவனையே பார்த்துக் கேட்டாள்.

"அவனும் அங்கதான் வேலை செஞ்சான்."

நான் டீயைக் குடித்தேன். ஆறிப் போயிருந்தது. அவள் ஒவ்வொருவர் கையிலிருந்தும் கோப்பையை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதே கிமோனோவோடு ரயிலுக்குப் போனாள்.

மினாபேயில் நடந்ததை அவள் பிறகு என் மனைவியிடம் சொன்னாள். மிட்சுயோவுக்கு ஏழு வயது. இழுப்பெல்லாம் போய்க் கன்னம் உப்பியிருந்ததாம். திண்டு கொண்டுவந்து போட்டு, இரண்டு கையையும் ஊன்றி வணங்கி, "ஒசாகா சித்தி, தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, களைப்பா இருப்பீங்க" என்று சொன்னதாம். ஹட்சுயே நல்ல பெண், ஒழுங்காக வளர்த்திருக்கிறாள். பத்திரத்தைத் திருப்ப முடியாதா என்று ஷிகெனோ கேட்டதற்கு ஹட்சுயே அழுதாளாம். இரண்டாம் நாள் ஷிகெனோ சிறுமியைத் தனியாகக் கூப்பிட்டு, ஒசாகாவுக்கு என்னோடு வருகிறாயா, ஒரு நாளைக்குத்தான் என்று கேட்டிருக்கிறாள். "அம்மாவைக் கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மிட்சுயோ ஹட்சுயேயிடம் ஓடினாளாம். ஷிகெனோ பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டாள்.

திரும்பி வரமாட்டாள் என்றுதான் சந்தில் எல்லாரும் சொன்னோம். வந்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு முக்காலியை எடுத்து, பழைய இடத்திலேயே, யசோகிச்சியின் இடப்பக்கம் தோள் உரசுமாறு போட்டு உட்கார்ந்தாள். கீழே கட்டைகள் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவன் உளி முனையைப் பார்த்தாள். மதியம் எழுந்து சமைத்துப் போட்டாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள். திட்டவில்லை, குத்தலாகப் பேசவில்லை. 

முதல் வாரம் அவன் சமாளித்தான். இரண்டாம் வாரம் என்னிடம் வந்த பேனா உடல்களில் மரை சிதைந்திருந்தது. மூடி ஒரு சுற்றில் சிக்கியது, அல்லது ஆறு சுற்றுக்கும் நிற்காமல் வழுக்கியது. நான் திருப்பி அனுப்பினேன். உட்சுமி ஒரு தடவை எச்சரித்தான், மறு மாதம் பாதி ஆர்டரை அடுத்த தெருவுக்குக் கொடுத்துவிட்டான். யசோகிச்சி ஊன்றுகோலோடு என் பட்டறைக்கு வந்தான். அவன் அதுவரை என் படி ஏறினதே இல்லை.

"நீ சொல்லேன். உள்ள போய் இருக்கச் சொல்லு. வேற எங்கயாவது போகச் சொல்லு. அவ மூச்சு காதுல விழுந்தா கை ஓட மாட்டேங்குதுடா."

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். போன்னு சொன்னேன். எங்க போறதுன்னு கேக்கறா."

எனக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. பாதி ஆர்டர் போனதில் என் வேலையும் பாதி போயிருந்தது, அதற்காகத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். யசோகிச்சி அப்போது சுவரோரமாகச் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான், மோட்டார் நின்றிருந்தது. ஷிகெனோ முக்காலியில் இருந்தாள்.

"ஷிகெனோசான்," என்றேன். அந்தப் பெயர் என் வாயில் புதிதாக இருந்தது. "அவன் வேலை கெடுது. கொஞ்ச நேரம் உள்ள போய் இருக்கக் கூடாதா?"

"நான் என்ன பண்றேன்? எதையும் தொடறதில்ல, ஒரு வார்த்தை பேசறதில்ல. ரெண்டு காலையும் மடிச்சு வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கேன்."

"அதுதான் அவனால முடியல."

"அப்படியா?" என்றாள். கோபமே இல்லாமல் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நாள் முழுக்க இவன் பக்கத்துலயே இருக்கறதும் சரியில்லதான். உங்க பட்டறையில ஒரு முக்காலி போட இடம் இருக்குமில்ல காதொவாக்கிசான்? மத்தியானத்துக்கு மேல அங்க வந்து உக்காரேன்."

இடமில்லை, நிப் தீட்டுகிற இடம் குறுகல், ஆள் உட்கார்ந்தால் வெளிச்சம் மறைக்கும் என்று ஏதேதோ சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.